சிதம்பரத்தில் விழாத கோல்

கெடிலம் கோப்பை இறுதியாட்டத்தில் இருந்ததிலேயே மட்டமான இருக்கை மரியலூர்துவுக்குக் கிடைத்தது. அதில் உட்கார்ந்தால் ஆட்டம் மட்டும்தான் தெரியும்.

டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள்: ‘திரை தெரியா இருக்கை. ஏமாற்றங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ மைதானத்தின் கிழக்குப் பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு இரும்புச் சாரம் கட்டி ஒரு பெரிய திரையை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சாரத்தின் காலடியில் இருந்த வரிசைகளுக்குத்தான் இந்தப் பெயர். எதிர்ப்பக்கத்துக் கூட்டம் முழுவதும் அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இருந்து பார்த்த மரியலூர்துவுக்கு, கடலூரே தன் தலைக்கு மேல் எதையோ கண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அவர் முதுநகர் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருடைய ஒரே மகள் ரெபேக்கா, முதுநகர் டால்ஃபின்ஸ் அணியின் முன்கள ஆட்டக்காரி. எதிரணி, பண்ருட்டி கேஷ்யூ கிங்ஸ். பெண்கள் அணிக்கு ஏன் கிங்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. குயின்ஸ் என்ற பெயரை வேறோர் ஊர் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

மாநில முகாமுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை இந்தக் கோப்பையில் கோல் போட்டவர்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். முகாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்திருக்கிறது. ரெபேக்காவுக்கு இன்னும் ஒரு கோல் வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மரியலூர்து ஆட்டத்தைப் பற்றி நினைக்கவில்லை. அந்த ஒரு கோலைப் பற்றி மட்டும்தான் காலைப் பூசையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் ரெபேக்கா இரண்டு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனாள். மரியலூர்து எழுந்து கைதட்டினார். உடனே, கழுத்தில் அடையாள அட்டையும் காதில் ஒரு கருவியுமாக ஓர் இளைஞன் ஓடிவந்தான். அவன் பெயர் எழிலன். பதவி, பார்வையாளர் உணர்ச்சி ஒருங்கிணைப்பாளர்.

“அண்ணே, இப்ப கைதட்டுனீங்களா?”

“ஆமாம்பா. எம்பொண்ணு ரெண்டு பேர வெட்டிட்டுப் போனா.”

“அது இன்னும் நடக்கலண்ணே.”

மரியலூர்து மைதானத்தைப் பார்த்தார். “நடந்துச்சே.”

“கீழ நடந்துச்சு. மேல வரல. மேல வந்தப்பறம் தட்டுங்க.”

“எனக்கு மேல தெரியாதே தம்பி.”

“அதுக்குத்தானே டிக்கெட்ல கொறச்சிருக்கோம்,” என்று சொல்லிவிட்டு எழிலன் போய்விட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூயிஸ்தான் விஷயத்தை விளக்கினான். அவன் மரியலூர்துவின் மனைவி சவரிமேரிக்குத் தம்பி, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு நடந்ததெல்லாம் எளிதாகப் புரியும்.

மைதானத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் எடுக்கும் படங்கள் எல்லாம் கண்ணாடி இழை வழியாகச் சிதம்பரத்துக்குப் போகின்றன. அங்கே ஓர் அறையில் எந்தக் கேமராவின் படம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார்கள், ஸ்கோர் எழுதுகிறார்கள், விளம்பரம் சேர்க்கிறார்கள். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அழிப்பதற்கு ஒருவர் பொத்தான் மேல் விரலை வைத்துக் காத்திருக்கிறார். அப்புறம் படத்தைச் சுருக்கி, பூமியிலிருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறார்கள். அது திருப்பி அனுப்பும் படத்தை வாங்கி விரித்துத்தான் கடலூர்த் திரையில் காட்டுகிறார்கள். பந்து புல்லில் கிடக்கும் இடத்துக்கும் திரைக்கும் நடுவே ஒரு லாரியை நிறுத்தும் தூரம்தான் இருக்கும். அந்தத் தூரத்தைக் கடக்கப் படம் விண்வெளிக்குப் போய்விட்டு வந்தது. இதில் விண்வெளிப் பயணத்துக்குக் கால் நொடிதான். மற்றதெல்லாம் பெட்டிகளுக்குள் காத்திருக்கும் நேரம்.

இதோடு விட்டிருந்தால் தாமதம் சில நொடிகளோடு போயிருக்கும். ஆனால் கூட்டம் திரையைப் பார்த்துத்தானே ஆரவாரம் செய்கிறது? அந்தச் சத்தம் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போகும்போது, படம் முன்னே போய்விட்டது, சத்தம் பின்தங்கிவிட்டது. இதைச் சரிசெய்ய, படத்தைச் சில நொடி நிறுத்திவைத்தார்கள். படம் தாமதமானதும் திரையும் தாமதமானது. திரை தாமதமானதும் கூட்டம் இன்னும் தாமதமாகக் கத்தியது. மறுபடியும் படத்தை நிறுத்திவைத்தார்கள். நிழலை மிதிக்க ஓடுகிறவனைப்போல் இந்த வேலை ஒவ்வொரு வருடமும் நடந்தது. இப்போது திரை கிட்டத்தட்ட அரை நிமிடம் பின்தங்கியிருந்தது. இதை நிர்வாகம் ஆண்டறிக்கையில் வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தது.

“அப்ப ஒம் போன்ல?” என்று மரியலூர்து கேட்டார். லூயிஸ் மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு போனில்தான் ஆட்டம் பார்த்தான். திரை தெரியாத அந்த வரிசைகளில் எல்லாருமே அப்படித்தான் குனிந்திருந்தார்கள். மரியலூர்துவிடம் இருந்தது பொத்தான் போன்.

“போன்ல இன்னும் லேட்டு மாமா. படத்தத் துண்டு துண்டா வெட்டி அனுப்புவான். நாலஞ்சு துண்டு சேந்தாத்தான் காட்டும். ஆனா கிளாரிட்டி ஜாஸ்தி.”

“நிமிந்து பாத்தா இன்னும் கிளாரிட்டியா இருக்கும் மச்சான்.”

“இருக்கும். ஸ்கோர் தெரியாதே.”

இரண்டாம் பாதியில் பண்ருட்டிக்காரி ஒருத்தி அடித்த பந்து கம்பத்தில் பட்டு மேலே பறந்து வெளியே போனது. யாரும் அசையவில்லை. முதுநகர் கோல்கீப்பர் பந்தை எடுத்து வைத்து, விளம்பர ஒப்பந்தப்படி தண்ணீர் பாட்டிலை முகத்தருகே பிடித்துக் குடித்து முடித்த நேரத்தில்தான் அந்தப் பந்து திரையில் கம்பத்தை அடித்தது. மைதானம் “ஆ” என்று அலறியது. அதைத் தொடர்ந்து ரீப்ளே வந்தது. அப்படிப்பட்ட தவறிய வாய்ப்புகளுக்கென்று தனியாக ஒரு தையல்நூல் கம்பெனி பணம் கட்டியிருந்ததால், நான்கு பக்கத்திலிருந்தும் மெதுவாக, மறுபடி மறுபடி காட்டினார்கள்.

மெதுவாகக் காட்டுவது எப்படி என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சாதாரணக் கேமரா ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம் எடுத்தால் இந்தக் கேமரா நூற்றுக்கணக்கில் எடுக்கும். அத்தனையையும் பழைய வேகத்தில் ஓட்டினால் ஒரு நொடி நீண்டு நீண்டு ஓடும். பந்து கம்பத்தில் பட்டு நசுங்குவதும், அதிலிருந்து ஒரு துளி நீர் தெறிப்பதும் அவ்வளவு அழகாக இருக்கும். அந்த அழகில் கூட்டம் மயங்கிக் கிடந்தது. இரண்டு அணிப் பெண்களும் திரையை அண்ணாந்து பார்த்தார்கள். நடுவரும் பார்த்தார். பண்ருட்டி கோல்கீப்பர் தன் அணித்தோழியின் துரதிர்ஷ்டத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றாள்.

அப்போது முதுநகர் கோல்கீப்பர் பந்தை உதைத்தாள்.

ரெபேக்கா மட்டும் ஓடினாள். பந்து நடுக்கோட்டுக்கு அப்பால் விழுந்து குதித்தது. அதை மார்பில் வாங்கி, ஒரு தட்டு தட்டி, இடது காலால் அடித்தாள். பண்ருட்டி கோல்கீப்பரின் முழங்கைக்குக் கீழே புகுந்து வலையின் மூலையில் போய்ச் சுருண்டது பந்து.

“கோல்” என்று மரியலூர்து கத்தினார். அத்தனை பெரிய மைதானத்தில் அந்த ஒரு குரல்தான் கேட்டது.

“உக்காரு மாமா,” என்று லூயிஸ் அவர் சட்டையை இழுத்தான். “இங்க போன்ல அவுங்க இன்னும் கம்பத்தையே அடிக்கல.”

ரெபேக்கா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போனதும் கூட யாரும் ஓடிவரவில்லை என்பது தெரிந்து, கைகளை இறக்கிக்கொண்டாள். பண்ருட்டி கோல்கீப்பர் திரும்பினாள். வலைக்குள் ஒரு பந்து கிடந்தது. யாரோ உதிரிப் பந்தைத் தவறிப்போய் வீசிவிட்டார்கள் என்று நினைத்து அதை எடுத்து வெளியே எறிந்தாள். நடுவருக்கும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. காதுக்கருவியில் சிதம்பரத்தைக் கேட்டார். தங்களிடம் அப்படி ஏதும் வரவில்லை என்று சிதம்பரம் சொன்னது. ஆட்டம் தொடர்ந்தது.

லூயிஸ் போனை மாமாவின் பக்கம் சாய்த்துப் பிடித்து, அந்த நேரம் வரும் வரை காத்திருந்தான். நான்கு பக்கத்திலிருந்தும் கம்பம் வந்தது. தையல்நூல் விளம்பரம் வந்தது. பிறகு பண்ருட்டி கோல்கீப்பர் ஏதோ ஒரு பந்தை வெளியே எறிந்தாள்.

“கோல் வரவே இல்ல மாமா,” என்றான் லூயிஸ், ஆறுதலாக.

கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. டை-பிரேக்கரில் பண்ருட்டி ஜெயித்தது. மரியலூர்து எழிலனைத் தேடிப் பிடித்தார். படம் எடுத்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று எழிலனும் நல்ல மனதோடு கூட்டத்தில் விசாரித்துப் பார்த்தான். ஏராளமான பேர் அந்த நேரத்தில் போனில் படம் பிடித்திருந்தார்கள். எல்லாரும் திரையைத்தான் பிடித்திருந்தார்கள்.

“சிதம்பரத்துக்குப் போய் தேவநாதன் சாரைப் பாருங்கண்ணே. மேட்ச் நடந்தது அங்கதான்,” என்றான் எழிலன்.

மறுநாள் மரியலூர்துவும் லூயிஸும் பஸ் ஏறினார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சவரிமேரி வாசலில் நின்று தம்பியிடம் சொன்னாள்: “டேய், மாமா கோவத்துல எதாவது பேசிடப்போறாரு. நீ கூடவே இரு. பொண்ணு வாழ்க்க.”

“இவருக்கா கோவம்? நேத்து கோல்னு கத்துனதுக்கே எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டாரு.”

சிதம்பரத்தில் ஒளிபரப்புக் குழு ஒரு கல்யாண மண்டபத்தில் இயங்கியது. ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடந்தது. கருவிகளுக்கு வேண்டிய ஏசியும் அங்கே இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி மேசைகளின் மேல் வரிசையாகத் திரைகளை வைத்து ஆட்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மணமகன் அறையில் ரீப்ளே. மணமகள் அறையில் விளம்பரம். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் தலைமைக் காட்சி அதிகாரி தேவநாதன் இருந்தார். நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வரவழைத்தார்.

“நீங்க பாத்தீங்கன்னு சொல்றீங்க. நான் நம்பறேன்,” என்றார். “ஆனா எதப் பாத்தீங்க?”

“எம்பொண்ணு கோல் போட்டத.”

“தப்பு. ஒங்க பொண்ணு பந்த ஒதச்சதப் பாத்தீங்க, அது வலைக்குள்ள போனதப் பாத்தீங்க. இதெல்லாம் கோல் ஆவுமா? இந்த எடம் சாப்பாட்டுக் கூடம், அதால சொல்றேன். கடலூர்ல நடக்கறது காய்கறி. சமையல் இங்கதான். காய்கறியப் பாத்துட்டு வந்து, நான் சாப்புட்டேன்னா எப்படி?”

“அப்ப எம்பொண்ணு?”

“நல்ல கத்திரிக்கா. நான் இல்லன்னே சொல்லல.”

லூயிஸ் டீயைத் துப்பாமல் விழுங்கச் சிரமப்பட்டான்.

“சார், எல்லாக் கேமராவும் ஓடிட்டுத்தான இருக்கும்? பெட்டில பதிவாயிருக்காதா?” என்று கேட்டான்.

தேவநாதனுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. இருவரையும் மணமகன் அறைக்கு அழைத்துப்போய் ஒரு கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். பெரிய ஊர்களில் உள்ள பெட்டி ஒரே நேரத்தில் பதிவும் செய்யும், பதிந்ததைக் காட்டவும் செய்யும். இது பழைய பெட்டி. நான்கு கைதான் இதற்கு. நான்கு கையாலும் ரீப்ளே காட்டிக்கொண்டிருந்தால் புதிதாக எதையும் வாங்கிக்கொள்ள முடியாது.

“அந்த நேரத்துல நாலு கையும் கம்பத்தக் காட்டிட்டு இருந்துச்சு. மீதி ஒரு கேமரா, தனிப் பெட்டில பதியறது, நேரலைல இருந்துச்சு. அது ரியாக்‌ஷனுக்காகக் கூட்டத்தப் பாத்துட்டு இருந்துச்சு. அத வேணா காட்றேன்.”

காட்டினார். திரைக்குக் கீழே இருக்கும் வரிசைகள் வந்தன. எல்லாத் தலைகளும் போனில் குனிந்திருந்தன. நடுவில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று, வாய் திறந்து, கையை உயர்த்தி, எதிரே எதையோ கண்டு பூரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை.

“நான்தான்,” என்றார் மரியலூர்து. தன் முகம் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்ததை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. “நான் கோல்னு கத்துனேன் சார். அந்தச் சத்தம் இருக்குமே?”

“இருந்துச்சு. ரொம்பத் தெளிவா இருந்துச்சு. படத்துக்கு சம்பந்தம் இல்லாத சத்தமாச்சேன்னு ஒலிப்பிரிவுல சுத்தம் பண்ணிட்டாங்க. அவ்ளோ சுத்தமா எடுக்கறது கஷ்டம் சார். அத எடுத்தவருக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்திருக்கோம்.”

“சார், நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“அதான் சார் பிரச்சினை,” என்றார் தேவநாதன், குரலைத் தாழ்த்தி. “மைதானத்துக்கு வந்துட்டாங்கங்கற ஒரே காரணத்துக்காக சில பேர் ஆட்டத்த முன்னாடியே பாத்துடறாங்க. பரங்கிப்பேட்டை ஆளுங்க பாதிப் பேரு துபாய்ல ஒக்காந்து பாக்கறாங்க. அவுங்களுக்கு ஒரு நேரம், ஒங்களுக்கு ஒரு நேரமா? இது சமத்துவமா? அடுத்த வருஷம் மைதானத்தச் சுத்தித் திரைச்சீலை போடப்போறோம். உள்ள ஆட்டம் நடக்கும். வெளிய எல்லாரும் ஒண்ணா ஸ்கிரீன்ல பாப்பாங்க. ஒங்கள மாதிரி யாரும் இப்படிக் கஷ்டப்பட வேண்டியிருக்காது.”

ஆனாலும் அவர் கைவிட்டுவிடவில்லை. லீக்கின் தலைவி அமராவதி அம்மையாரிடம் அப்போதே பேசிவிடலாம் என்றார். அம்மையார் கடலூரில் இருந்தார். காணொளியில்தான் பேச வேண்டும். தலைவியின் படமும் உயர்ந்த தரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, அவருடைய பேச்சையும் செயற்கைக்கோள் வழியாகவே கொண்டுவந்தார்கள். அதிலும் அந்த அரை நிமிடம் இருந்தது. தேவநாதனுக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

“மேடம், நான் பேசறது கேக்குதுங்களா?” என்றார். பதில் வருவதற்குள், “இங்க ஒரு அப்பா வந்திருக்காரு. பொண்ணு போட்ட கோலக் கண்ணால பாத்தேன்றாரு. அத நாம ஏத்துக்கலாங்களா?” என்றும் கேட்டுவிட்டார்.

திரையில் அம்மையார் மலர்ந்து சிரித்தார். “ஓ, நல்லாவே. தாராளமா.”

தேவநாதன் பேனாவை எடுத்தார். “ஏத்துக்கிட்டாங்க.”

மரியலூர்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. லூயிஸ் அவர் கையைப் பிடித்து அழுத்தினான்.

“ரொம்ப நன்றிங்க மேடம். டீ சாப்பிட்டீங்களா?” என்றார் தேவநாதன்.

அம்மையாரின் முகம் சுருங்கியது. “யாரு, கண்ணால பாத்ததையா? அதெல்லாம் எப்படி ஏத்துக்கறது? படம் இல்லாம கோலா? ஒருகாலும் ஏத்துக்க முடியாது.”

தேவநாதன் அதையும் எழுதிக்கொண்டார். இணைப்பு அறுந்துபோயிற்று. கடைசியாக அம்மையார், சர்க்கரை இல்லாமல் என்று சொன்னது மட்டும் கேட்டது.

“அவங்க மொத சொன்னது, கேக்குதான்னு நீங்க கேட்டதுக்குப் பதில் சார்,” என்று லூயிஸ் தொடங்கினான்.

“தலைவி ரெண்டு முடிவு எடுத்திருக்காங்க,” என்றார் தேவநாதன். “ரெண்டுமே தலைவியோட முடிவு. ஒண்ண மதிச்சு ஒண்ண விட முடியாது.” கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. “கோல் இருக்கு. படம்தான் இல்ல. அப்ப படத்த எடுத்துட்டாப் போச்சு.”

ரெபேக்கா அந்தக் கோலை மறுபடி போட வேண்டும். அதே மைதானம், அதே சட்டை, அதே பக்கம். பதிவுசெய்து வைத்துக் காட்டினால் செல்லாது, நேரலையாகவே போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், பரிசளிப்பு விழாத் தொகுப்புக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. முகாம் பட்டியலையும் அன்று சாயங்காலம்தான் மூடுகிறார்கள்.

வீட்டில் சொன்னபோது ரெபேக்கா கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்ட கோலுக்கு ரிகர்சலாப்பா?”

“ஒரே ஒரு தடவ போட்டுரும்மா. அவுங்க ஏத்துக்கறேன்னுட்டாங்க.”

“நீ பாத்தியா இல்லியா, அத சொல்லு.”

“பாத்தேன்.”

“அது போதும்ப்பா எனக்கு.”

“எனக்குப் போதும்மா. ரயில்வேக்குப் போதாதே,” என்றார் மரியலூர்து. அவள் தைலப் பாட்டிலை மூடினாள்.

சனிக்கிழமை மைதானத்தில் கூட்டம் இல்லை. இரண்டு கேமராக்களும் பெரிய திரையும் இருந்தன. பண்ருட்டி கோல்கீப்பர் வர மறுத்துவிட்டாள். எழிலன் கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்கு நடுவில் நின்றான். லூயிஸ் தொலைவிலிருந்து பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கேட்ட அப்பாவின் குரலும் வேண்டும் என்று சிதம்பரம் சொல்லிவிட்டது. சத்தமில்லாத கோல் உணர்ச்சியில்லாமல் இருக்குமாம்.

முதல் தடவை பந்து வலைக்குள் போனது. படம் மங்கல் என்று சிதம்பரம் சொன்னது. இரண்டாம் தடவை பந்து வலைக்குள் போனது. தையல்நூல் கம்பெனியின் பலகை காற்றில் சாய்ந்திருந்தது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் மரியலூர்து பந்து உள்ளே போனதும் கத்திவிட்டார்.

“அண்ணே,” என்றான் எழிலன் பொறுமையாக. “நீங்க கத்தனது மொதல்ல போயிடுச்சு. கோல் பின்னாடி வருது. பாக்கறவங்களுக்கு நீங்க தூக்கத்துல ஒளர்ற மாதிரி இருக்கும். மைதானத்தப் பாக்காதீங்க. ஸ்கிரீனப் பாத்துக் கத்துங்க.”

அடுத்த தடவை அவர் கண்ணைத் திரையில் வைத்திருந்தார். ஆனால் ஓரக்கண்ணில் மகள் ஓடுவது தெரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அதற்கும் அடுத்த தடவை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் விரலிடுக்கில் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சத்தத்தையும் படத்தையும் பொருத்திப் பார்க்கச் சிதம்பரத்தில் படத்தை இன்னும் கொஞ்சம் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் ரெபேக்கா உதைப்பதற்கும் அது திரைக்கு வருவதற்கும் நடுவே ஒருவர் டீக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்றாகிவிட்டது. ரெபேக்கா நொண்டத் தொடங்கியிருந்தாள். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“மச்சான், அவரு நாற்காலியத் திருப்பிப் போடு,” என்று எழிலன் லூயிஸிடம் சொன்னான்.

நாற்காலியை மைதானத்துக்கு முதுகு காட்டித் திரையைப் பார்த்துப் போட்டார்கள். மரியலூர்து உட்கார்ந்து இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“ப்பா,” என்று பின்னாலிருந்து ரெபேக்காவின் குரல் வந்தது. “இதான் கடைசி. இதுக்கு மேல கால் தாங்காது.”

அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். “போடும்மா. நான் கத்த மாட்டேன்.”

திரையில் ரெபேக்கா உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் லூயிஸ் பந்தை உதைத்த சத்தம் கேட்டது. புல்லில் ஓடும் காலடி கேட்டது. ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் ஓடிற்று. பந்து குதித்தது. பிறகு அந்தச் சத்தம். அவருக்குத் தெரிந்த இடது காலின் சத்தம். பிறகு வலை சிலிர்த்தது. எழிலன், கையுறையோடு, தன்னை மறந்து ‘ஆஹா’ என்றான். மரியலூர்து உதட்டைக் கடித்துக்கொண்டார். தொண்டை வரை வந்ததை விழுங்கினார். திரையில் ரெபேக்கா இன்னொரு காலின் நாடாவுக்கு வந்திருந்தாள்.

எழிலன் நடந்து வந்தான். கையுறையைக் கழற்றினான். காதுக்கருவியையும் கழற்றி அதன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டான்.

“சிதம்பரத்துல கட் பண்ணிட்டாங்கண்ணே. பரிசளிப்பு விழாவுக்குப் போயிட்டாங்க. பட்டியலும் மூடியாச்சாம்.”

“எப்ப?”

“இப்பதான்.”

மரியலூர்து கணக்குப் போட்டார். இந்த ஒரு வாரத்தில் அவருக்கு எல்லாம் பழகிவிட்டிருந்தது. கட் பண்ணியது இப்போது. ரெபேக்கா உதைத்தது அதற்கு முன்னால். முன்னால் நடந்தது முன்னால் கிளம்பியிருக்கும். கண்ணாடி இழையில் போய், பெட்டிகளில் காத்திருந்து, அவ்வளவு உயரம் ஏறி இறங்கி வர வேண்டும். கிளம்பியது வழியில் எங்கேயும் நின்றுவிடாது. வந்தே தீர வேண்டும். எழிலன் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நின்றான். பிறகு கேமராக்காரர்களோடு பெட்டிகளைக் கட்டப் போனான்.

திரையில் நாடா கட்டி முடித்து எழுந்த ரெபேக்கா மறைந்து, தையல்நூல் வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நூல்கண்டுகள் மெதுவாக உருண்டன. மரியலூர்து கண் இமைக்காமல் பார்த்தார்.

ரெபேக்கா நொண்டிக்கொண்டே வந்து அவர் எதிரில் நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு பந்து அடித்ததில்லை. அது அவளுக்கே தெரிந்திருந்தது.

“எப்படிப்பா இருந்துச்சு?”

“கொஞ்சம் தள்ளிக்கம்மா,” என்றார் அவர், அவள் தோளுக்கு அப்பால் தலையை நீட்டி. “இன்னும் வரல.”